படத்தின் வலது ஓரத்தில் இருக்கிற பெண்

கொத்தடிமை ஒழிப்பு நாள் நெருங்கினால் எனக்கு ஃபோன் வந்துவிடும். தொழிலாளர் துறையில் இருக்கிற மேடம் கூப்பிட்டு, "தம்பி, இந்த வருசமும் நீங்கதான் வந்து படத்த வெளக்கணும்" என்பார். நானும் வேலை பார்க்கிற செல்ஃபோன் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போவேன். "சீஃப் கெஸ்ட்டு கெளம்பிட்டாருப்பா" என்று முதலாளி கிண்டல் செய்வார். மதியம் ஒரு சாப்பாடு, தோளில் ஒரு துண்டு, நாலு ஃபோட்டோ. அதற்கு மேல் அந்த நாளில் எனக்கு ஒன்றும் இல்லை. சந்தோஷமும் கிடையாது, வருத்தமும் கிடையாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

படம் ஆளுயரம் இருக்கும். ஓர் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் துணியில் ஆயில் பெயிண்ட்டால் வரைந்தது. நடுவில் ஒரு பையன் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிறான். மணிக்கட்டில் மாட்டியிருந்த இரும்புச் சங்கிலி அறுந்து, வளையங்கள் நாலு பக்கமும் தெறிக்கின்றன. பின்னால் சிவந்த வானம், பாதி எழும்பிய சூரியன். இடது பக்கம் முறுக்கு மீசையும் சாட்டையுமாக ஒரு ஆள். அவனை நோக்கித் தீப்பந்தங்களோடு வருகிற ஒரு கூட்டம். வலது ஓரத்தில் மண்டியிட்டு, கைகளை நீட்டி அழுகிற ஒரு பெண். கீழே மூன்று ஆடுகள், மூன்றும் அப்போதுதான் சோப்பு போட்டுக் குளித்தவை போல. என்னைப் பற்றிப் பேப்பரில் வந்த செய்தியைப் படித்துவிட்டு வரைந்தாராம். நடுவில் நிற்கும் பையன் நான்தான். எனக்கு இந்த வயதிலும் அப்படி ஒரு புஜம் கிடையாது.

எதற்கு என்ன அர்த்தம் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். சங்கிலி அறியாமை. சூரியன் கல்வி. சிவப்பு போராட்டம். தீப்பந்தக் கூட்டம் விழித்துக்கொண்ட சமுதாயம். நான் மைக்கைப் பிடித்து இதை ஒப்பிப்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள். வருஷா வருஷம் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, "சங்கிலி ரொம்ப வலிச்சுச்சாண்ணே?" என்று கேட்கும். ஆமாம் என்பேன். பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது?

எனக்கு யாரும் சங்கிலி போடவில்லை. பத்து வயதில் கட்டுமாவடிப் பக்கம் ஓர் ஆட்டுக்காரரிடம் இருந்தேன். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்பார்கள். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். பகலில் மேய்ப்பது, இரவில் கிடைக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுப்பது, இதுதான் என் வேலை. அவருக்கு மீசையே இல்லை. அவர் குடித்த கஞ்சிதான் எனக்கும். ஆடு அடுத்தவன் கொல்லையில் வாய் வைத்துவிட்டால் அடி விழும். சாட்டையால் இல்லை, தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பால். ஓடிவிடலாம் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. ஓடினால் ஆட்டை யார் பார்ப்பது என்றுதான் நினைப்பேன். இதையெல்லாம் யார் படமாக வரைய முடியும்?

மீட்டார்களே, அந்த நாளிலும் தீப்பந்தம் இல்லை. ஒரு ஜீப் வந்தது. அதிகாரிகள் இரண்டு பேர், ஒரு தலையாரி, ஒரு டிரைவர். அந்தப் பக்கம் ஆடு திருடுகிறவர்கள் வண்டியில்தான் வருவார்கள். நான் ஜீப்பைப் பார்த்ததும் ஆடுகளைக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிட்டு முள்ளுக்குள் படுத்துக்கொண்டேன். தேடிப் பிடித்து இழுத்தபோது டிரைவரின் கையைக் கடித்துவிட்டேன். ஜீப்பில் ஏற்றியதும் ஓவென்று அழுதேன். விடுதலையான சந்தோஷத்தில் சிறுவன் கதறி அழுதான் என்று பேப்பரில் வந்தது. ஆடெல்லாம் சிதறிப் போகுமே என்றுதான் அழுதேன். அதற்குப் பிறகு எதற்கும் அப்படி அழுததாக எனக்கு நினைவில்லை.

படத்தில் உள்ள மற்றதெல்லாம் எப்படி இருந்தால் எனக்கென்ன? வலது ஓரத்துப் பெண்தான் தொந்தரவு. அவளைக் காட்டி மைக்கில் நான் சொல்வது இது: "இது என் தாய். படிக்க வைக்கிறேன் என்று சொல்லி ஒரு புரோக்கர் ஏமாற்றி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் என் தாய் ஊர் ஊராகத் தேடி அலைந்தார்." இதை எழுதிக்கொடுத்தது மேடம்தான். "பெத்தவங்களே விட்டாங்கன்னு சொன்னா புள்ளைங்க மனசு தாங்காது தம்பி. அவங்களுக்கும் அசிங்கம்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நானும் சரி என்றுவிட்டேன்.

என்னைப் பெற்றவளை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அந்த வயலில் விட்டவள் ஆத்தாதான். அப்பா செத்துப் போயிருந்தார். தங்கச்சி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆட்டுக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆத்தா போனாள். அதற்குப் பிறகு, ஜீப்பில் என்னைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்குத்தான் அவளைப் பார்த்தேன். நடுவில் இரண்டு மூன்று தீபாவளி போயிருந்தது. தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். இன்றைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அதனால் ஆத்தா செய்தது தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம். மழை, ரேஷன் கடை, தங்கச்சி வீட்டு விசேஷம் எல்லாம் பேசுவோம். இந்தப் பேச்சை மட்டும் அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. கூட்டத்தில் நான் என்ன பேசுகிறேன் என்று அவள் கேட்டதும் கிடையாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரியுமா, சின்னப் பையன் மறந்திருப்பான் என்று நினைக்கிறாளா, அதுகூட எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதால்தான் ஒரே வீட்டில் சோறு இறங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் மேடம், "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பொன்னாடை போத்தணும்" என்றார். முழங்கால் வலி, பஸ் ஏற மாட்டாங்க என்று தட்டிப் பார்த்தேன். "அதுக்கென்ன, வண்டி அனுப்புறேன்" என்றார். சொன்னபடி ஜீப் வந்து வாசலில் நின்றது. ஆத்தா தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். வழியெல்லாம் யார் வயலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அவளை வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னால் குத்திக்காட்டுகிறேன் என்று நினைப்பாள். சொல்லாமல் விட்டால் ஏன் விட்டாய் என்று மேடம் கேட்பார். இலுப்பூர் வருகிறவரை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை.

இலுப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். காலேஜ் பிள்ளைகள் நிறையப் பேர். ஆத்தாவை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் சங்கிலியைச் சொன்னேன், சூரியனைச் சொன்னேன், மீசைக்காரனைச் சொன்னேன், தீப்பந்தத்தைச் சொன்னேன். அதோடு நன்றி என்று மைக்கைக் கொடுக்கப் போனேன். ஒரு மாணவி எழுந்து, "அண்ணா, ஓரத்துல அழுவுறாங்களே, அவங்க யாரு?" என்றாள். "அதச் சொல்லுங்க தம்பி, அவங்களே வந்திருக்காங்கள்ல" என்று மேடையிலிருந்து மேடம் எடுத்துக்கொடுத்தார். சொன்னேன். ஒரு வார்த்தை மாறாமல், குரல் நடுங்காமல், படத்தில் இருந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். கைத்தட்டல் பலமாக இருந்தது.

பிறகு ஆத்தாவை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா என்றார்கள். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய், மண்டியிட்டிருக்கிற பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்தப் பொம்பள நான் இல்லீங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். "இந்தம்மா இம்புட்டு அழுவுது. நான் அன்னைக்கு அழுவலை."

அப்புறம் காலைத் தாங்கித் தாங்கிப் படத்தின் இடது பக்கத்துக்கு நடந்தாள். சாட்டை வைத்திருந்த ஆளுக்குப் பக்கத்தில் வெறுந்துணியாக இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னைய வரையுறதா இருந்தா இங்கிட்டுத்தான் வரையணும். என்னைய ஆரும் ஏமாத்தலை. நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் சட்டென்று எழுந்து வந்து மைக்கை வாங்கி, "அம்மா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. தாய் மனசு, எல்லாப் பழியையும் தன் மேல போட்டுக்குது பாருங்க" என்றார். மறுபடியும் கைத்தட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். ஃபோட்டோ எடுக்கிறவர், "அம்மா, அங்க வேணாம், இங்கிட்டு வாங்க, அந்தம்மா பக்கத்துல நில்லுங்க" என்று வலது ஓரத்துக்குக் கூட்டிப் போனார். ஆத்தா போய் நின்றாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். இருபது வருஷமாக எது வெளியே வந்துவிடக் கூடாது என்று பயந்தேனோ அது வந்துவிட்டது, எனக்கோ பசிக்க ஆரம்பித்திருந்தது. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பும்போது ஜீப் வேறு வேலையாகப் போய்விட்டது என்றார்கள். பஸ் பிடித்தோம். ஆத்தாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் அன்னவாசலைத் தாண்டியது.

"ஒனக்கு எல்லாம் ஞாபகம் இருக்காய்யா?" என்றாள்.

"இருக்கு ஆத்தா."

"அப்பறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"அது மேடம் எழுதிக் குடுத்தது. எல்லா வருசமும் அதத்தான் சொல்றேன்."

அவள் அதற்குக் கோபப்படவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கேக்க நல்லாருந்துச்சுடா. ஊரு ஊரா தேடி அலைஞ்சேன்னு சொன்னியே." மடியில் இருந்த பொன்னாடையை நீவிவிட்டாள். "அப்படி அலைஞ்சிருக்கலாம் நான்."

"எதுக்குத் தேடணும்? எடந்தான் ஒனக்குத் தெரியுமே" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வரும் என்போமே, அந்த மாதிரிதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று எனக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆத்தா தலையை ஆட்டினாள்.

"ஆமாய்யா, தெரியும்" என்றாள். "கட்டுமாவடிக்குப் புதுக்கோட்டையிலருந்து நேரா பஸ்ஸு இருந்துச்சு."