அண்ணன் பெயர் வந்த இடம்

போன மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள். நான் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன். வயிறு எரிகிறபோது பிரியாணி எங்கே இறங்கும்?

அந்தப் பாட்டைப் பாடிய ராக் பேண்ட் மேல் முதலில் பைத்தியமாக இருந்தவன் என் அண்ணன். கொருக்குப்பேட்டை வீட்டில், கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் போனில் சத்தத்தை ஏற்றி, அவர்கள் பாட்டை எனக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தான். "கச்சேரி வரட்டும், உன்ன தோள்ல தூக்கினு போறேன்" என்பான். அதற்குள் எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அப்போது எட்டு வயது.

பதினாறாம் நாள் காரியத்தில் மாமா கானா பாடினார். அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் சாவுக்குப் பாட அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு அடியும் செத்தவர் பெயரில் முடிய வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. பாதியில் வந்து உட்காருகிறவனுக்கும் யாருக்காக அழுகிறோம் என்று தெரிய வேண்டாமா? அம்மா அண்ணன் மேல் விழுந்து புலம்பியதையே அவர் பாட்டாக்கியிருந்தார். "ரோட்டப் பாத்துப் போன்னேனே, என்ன ரோட்டுல வுட்டுப் பூட்டியே" என்று இழுத்து, கடைசியில் அண்ணன் பெயரை வைத்தார். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

பந்தல் ஓரத்தில் அந்த பேண்டின் பாடகர் உட்கார்ந்து போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். மாமா பாடுவதைக் கேட்க யாரோ கூட்டி வந்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. டீ கொடுத்தோம். நானோ துக்கத்தையெல்லாம் மறந்து, அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கச்சேரிக்கு பாஸ் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். வாக்கு தவறாத மனிதர், சில மாதத்தில் அனுப்பிவிட்டார்.

"அவன் பாக்காதத நீயாவது பாத்துனு வா" என்று அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நகரத்தின் அந்தக் கோடியில், பெரிய மைதானம். அண்ணன் சொன்னபடியே தோளில் உட்கார்ந்து பார்த்தேன், மாமாவின் தோளில். எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். தொண்டை கட்டக் கத்தினேன்.

அப்புறம் பாடகர் சொன்னார்: "அடுத்தது எங்க புதுப் பாட்டு! ஒருத்தரும் நிக்கக் கூடாது, ஆடணும்!"

கிடார் அதிர்ந்தது. "ரோட்டப் பாத்துப் போன்னேனே..." ஐயோ, எங்கள் வீட்டுப் பாட்டு! அண்ணன் பெயர் வரும் இடத்தில் அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். மைதானமே "மச்சி!" என்று கத்தியது. நானும் கத்தினேன். கீழே மாமாவின் தோள் குலுங்கியது. அவரும் ஆடுகிறார் என்று எனக்கு ஒரே குஷி.

வீட்டுக்கு வந்ததும் மாமா, "நல்லா இருந்துச்சிக்கா" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். எனக்கு அடக்க முடியவில்லை.

"அம்மா, உன் பாட்டுதாம்மா பாடுனாங்க! எல்லாரும் ஆடுனாங்க!"

அம்மா நிமிர்ந்தாள். "அண்ணன் பேரச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. மச்சின்னு மாத்திட்டாங்க. அதான் கத்தறதுக்கு ஜாலியா கீது."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமாவிடம், "நீ அங்கதானடா இருந்த?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் அவர் பாடவில்லை.

இவ்வளவு நல்ல சேதி சொல்லியும் ஒருத்தரும் சிரிக்கவில்லையே என்று எனக்குக் கோபமான கோபம். சோறு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டேன். படுத்தபடியே அந்தப் பாட்டை முணுமுணுத்தேன், மச்சி மச்சி என்று, அம்மா காதில் விழும்படி.