ஈயப் பெட்டியில்லாத பயணம்

போன கிழமை பத்திரிகையில் இந்த இடத்தில் என்னைக் காணவில்லை என்று இரண்டொருவர் கேட்டார்களாம். கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்தேன். கழுத்துக் கழலைக்கு மருந்து குடிக்கப் போனேன்.

சாதாரண மருந்தா? கதிர் வீசும் மருந்தாம்! கனத்த ஈயப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதை ஏற்ற ஒரு சட்டம், இறக்க ஒரு சட்டம்... பார்த்தால் தண்ணீர் மாதிரி. ஒரு மடக்கில் முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நேர்ஸ் – எங்கள் பக்கத்து அளவெட்டி ஊர்ப் பிள்ளை – தள்ளி நின்றே சொன்னாள்:

"ஆச்சி, பெட்டிக்குள்ள இருந்தது இப்ப உங்களுக்குள்ள. அப்ப பெட்டியின்ரை சட்டம் உங்களுக்கும்தான். கொஞ்ச நாளைக்கு ஆக்களோடை ஒட்டி இருக்காதேங்கோ. பிள்ளைத்தாய்ச்சியளுக்குக் கிட்டப் போகவே வேண்டாம். வயித்துப் பிள்ளைக்குக் கூடாது."

"ஓம் பிள்ளை" என்றேன். பெட்டிக்காவது ஈயம். எனக்கு நூல்சேலைதானே?

ரெயிலில் ஒரு மூலையில் தப்பிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் பஸ் ஏறியபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

கடைசி சீட்டில் இருந்து, பக்கத்தில் ஒருவரும் இருக்காதபடி பையை வைத்தேன். சனம் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு பெண் வந்தாள். நிறைமாதம்.

"ஆச்சி, பையை எடுங்கோவன். நானும் இருக்க."

பையோடு எழுந்தேன். "நீ இரு பிள்ளை. நான் நிக்கிறன்."

"ஐயோ, நீங்கள் ஏன் நிக்கிறியள்? ரெண்டு பேருக்கும் இடம் கிடக்கு." கையைப் பிடித்து இழுத்தாள்.

உதறிக்கொண்டு விலகினேன்.

அவள் முகம் கறுத்துப்போனது. "ஏனணை, நான் பக்கத்தில இருந்தா உங்கடை சாதி குறைஞ்சு போமோ?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்னால் ஒரு பெரியவர், "உந்தக் கிழடுகளுக்குச் செத்தாலும் உது போகாது" என்றார்.

"ஆச்சிக்கு நாளையிலயிருந்து தனி பஸ் விடுவம்!" – இது கொண்டக்டர். ஒரே சிரிப்பு.

சொல்லியிருக்கலாம்தான். 'எனக்குள் கதிர் மருந்து இருக்கிறது' என்றால் அந்தப் பிள்ளை பயந்து என்ன ஆவாள்? அதோடு, அத்தனை பேர் பார்க்கும்போது எனக்கு எங்கே வாய் திறக்கும்? எழுத வரும். கதைக்க வராது.

முன்வாசல்வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நெரிசலிலும் என்னைச் சுற்றி மட்டும் இடம் கிடந்தது. கோபத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். ஆஸ்பத்திரிச் சட்டம் இவ்வளவு நன்றாக வேறெங்கே நடந்திருக்கும்?

சாதி பார்த்து ஒதுங்குகிறவளும் வயிற்றுப் பிள்ளைக்காகப் பயந்து ஒதுங்குகிறவளும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒருத்திதான். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? எங்கள் ஊர் பார்த்த ஒதுக்கல் அப்படி.

வீட்டில் தொல்லையில்லை. பிள்ளைகள் கனடாவில். ஒதுங்கி இருக்க ஆள் வேண்டுமே...

பஸ்ஸில் என் கையைப் பிடித்த பிள்ளை, இதை நீ வாசிப்பாயோ தெரியாது. வாசித்தால், பத்திரிகைக் காரியாலயத்தில் என் வீட்டைக் கேள். குழந்தை பிறந்தபின் தூக்கிக்கொண்டு வா – அதற்குள் என் சட்டம் முடிந்துவிடும்.