அத்தான் வரும் நாளே தீபாவளி

போன வாரம் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது கதவுக்குப் பின்னால் அந்த ஆரஞ்சு நிறப் பை நின்றுகொண்டிருந்தது. ஜொகூர் ஸ்கூடாயில் எனக்கும் அக்காவுக்கும் இரண்டு தெருதான் இடைவெளி. நான் அங்கே போகாத வாரம் கிடையாது. ஆனால் அந்தப் பையை அந்த இடத்தில் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தடித்த கித்தான் துணி, பக்கவாட்டில் கறுப்பு மையில் அத்தானின் பெயர், கடலுப்பில் வெளுத்துப்போன வார்கள். மறுபடியும் கடலுக்கா என்றுதான் முதலில் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பாலோவில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து திரெங்கானு கடலுக்குப் போனார். கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் கிரேன் வேலை. ஒரு மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில். கெர்த்தே வரை பஸ், அதற்குமேல் ஹெலிகாப்டர். வீட்டில் இருக்கும் மாதத்திலும் அந்தப் பையை முழுதாகக் காலி செய்ய மாட்டார். பாதித் துணி அதிலேயே கிடக்கும். ரிக்கில் வேலை செய்பவர்களுக்கு அது ஒரு சாஸ்திரம். பையைக் காலி செய்தால் ரிக் கூப்பிடாதாம். அக்காவும் வீடு கூட்டும்போது பையை நகர்த்தாமல் அதைச் சுற்றித்தான் கூட்டுவாள்.

அந்த வீட்டின் நாள்காட்டி வேறு. அத்தான் கரைக்கு வரும் நாளில்தான் அங்கே தீபாவளி. ஊரே பட்டாசு வெடிக்கும் நாளில் அக்கா வீட்டில் ரசமும் கருவாடும்தான் இருக்கும். மூன்று வாரம் கழித்து, எல்லார் வீட்டு முறுக்கும் நமத்துப்போன பிறகு, இவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். அத்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு வருவார். "வாங்க அத்தான், அடுத்த வருஷத் தீபாவளிக்கு முன்கூட்டியே வந்துட்டீங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். மகளின் பிறந்தநாளும் அப்படித்தான், பொங்கலும் அப்படித்தான். "நாள் எங்க ஓடிப்போகுது? நான் வந்ததும் வச்சிக்கலாம்" என்பார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் அவருக்காகத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து, எதையும் தள்ளிவைக்கலாம் என்று அவரை நம்பவைத்தது நாங்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எண்ணெய் விலை விழுந்த வருடம் அது. புதுக் கிணறு தோண்டும் வேலையை நிறுத்திவைக்கிறோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. தற்காலிகம்தான் என்றார்கள். வழக்கம்போலக் கரைக்கு வந்த அத்தான் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். ஒரு மாதம் போனது, அழைப்பு வரவில்லை. இன்னொரு மாதமும் போனது. தோண்டவேண்டிய கிணறு இல்லையென்றால் ரிக்குக்கு மட்டும் என்ன வேலை? அதை ஜொகூர் பக்கமே இழுத்துவந்து கடலில் நிறுத்திவைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் காரில் ஏற்றி, சுங்கை ரெங்கிட்டில் கடல் உணவு சாப்பிடலாம் என்று அழைத்துப் போனார். சாப்பாடு சாக்குதான். கரையில் நின்று தூரத்தில் கையை நீட்டினார். மூன்று இரும்புக் கால்களும் கடலைவிட்டு மேலே தூக்கிக்கொண்டு வானத்தில் நீட்டி நிற்க, அவருடைய ரிக் மிதந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? வேலை இருந்தா காலு கடலுக்குள்ள இருக்கும். வேலை இல்லேன்னா காலு வானத்துல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் ஓர் ஆண் ஒரு மாதத்துக்குமேல் தொடர்ந்து இருந்ததே இல்லை. இருந்து பார்த்தபோது யாருக்கும் அது பழகவில்லை. அத்தான் விடியுமுன் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவர்போல் உடுத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். தொலைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போவார். அவருடைய ரிக் கூட்டாளிகளின் தொலைபேசிக் குழுவில் முன்பெல்லாம் கேலியும் மீன் படங்களும் வரும். இப்போது வேலை விளம்பரங்கள் வந்தன. கெமாமான்காரர் ஒருவர் பர்கர் கடை போட்டுவிட்டார். இன்னொருவர் வாடகைக் கார் ஓட்டினார். அத்தானுக்கும் ஒரு துறைமுகத்தில் கிரேன் வேலை வந்தது. "அங்க சேர்ந்த மறுநாள் ரிக் கூப்பிட்டா என்ன செய்யிறது?" என்று விட்டுவிட்டார். அந்த வருடம்தான் முதல்முறையாக ஊரோடு சேர்ந்து தீபாவளி வந்தது. எண்ணெய்க் குளியலுக்குக் கூப்பிட்டால், "இன்னிக்கா?" என்று கேட்டார். முறுக்கின் சுவைகூட அன்றைக்கு யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

இதற்கு நடுவில்தான் மகளின் கல்யாணப் பேச்சு. ஒரே மகள். சிங்கப்பூரில் கூட வேலை செய்த பையனை விரும்பினாள். கூலாயில் நல்ல குடும்பம், அவர்களுக்கும் சம்மதம். தேதிதான் குறிக்க முடியவில்லை. அவர்கள் கேட்கும்போதெல்லாம் அத்தான், "ரிக் கூப்பிடட்டும். எந்த மாசம் கடல், எந்த மாசம் வீடுன்னு தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் மண்டபம் பாக்கலாம்" என்றார். இல்லாத வேலையின் விடுமுறைக்காக ஒரு கல்யாணம் காத்திருந்தது. அவர் நாள் முழுக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். எந்த முகூர்த்தமும் தோதானதுதான். நான்கூட ஒருமுறை, "அத்தான், ஊருல உள்ள எல்லா நாளும் இப்ப உங்களுடையதுதான், ஒண்ணப் புடிங்க" என்றேன். கோபித்துக்கொண்டார். இடையில் பையனுக்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வேலை கிடைத்தது. போகுமுன் கல்யாணம் முடியவேண்டும் என்று அவன் அம்மா கறாராகச் சொன்ன பிறகுதான் தேதி குறித்தார்கள்.

பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்திருந்தோம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அந்தத் தொலைபேசி வந்தது. நிறுத்திவைத்த ரிக்கை வெளிநாட்டுக்கு இழுத்துப் போகிறார்கள், பழைய கிரேன்காரர் வேண்டும், உடனே வரவேண்டும். அத்தானின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அவருடைய மகள் பிறந்தபோது பார்த்ததுதான். வேலை மறுபடி தொடங்குகிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"இப்ப போகலேன்னா இனிமே கூப்பிட மாட்டாங்க. ஒரு மாசம் தள்ளி வைங்க, வந்ததும் ஜோரா செஞ்சிடலாம்" என்றார்.

"இது தீபாவளி இல்லைங்க. தள்ளிவச்சா பையன் போயிருவான்" என்றாள் அக்கா. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பையனின் அம்மாவிடம் அத்தானே பேசிப் பார்த்தார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியும் எல்லாரும் இறங்கி வருவார்கள், தனக்காக நாள் நகரும் என்றுதான் கடைசிவரை நினைத்திருப்பார். மறுநாள் காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

முதன்முறையாக அந்த வீட்டில் அவருக்காக ஒன்று நிற்கவில்லை. கல்யாணத்தன்று காலையில், அத்தானுக்கென்று மகள் தன் சம்பளத்தில் வாங்கிவைத்த பட்டு வேட்டியை அக்கா தேடினாள். அப்பா இடத்தில் நின்று தாரைவார்க்கப்போகும் என் கணவருக்குக் கட்டக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். அலமாரியில் இல்லை. கல்யாண அமளியில் எங்கோ மாறிப்போயிருக்கும் என்று விட்டுவிட்டோம். என் கணவர் தன்னுடைய வேட்டியிலேயே நின்றார். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கேட்டதும் மகள் தலையைத் தூக்கி மண்டபத்து வாசலை ஒருமுறை பார்த்தாள். நானும் பார்த்தேன். சின்ன வயதில் அவர் வரும் நாளில் தெருமுனையைப் பார்ப்பாளே, அதே பார்வை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறமாட்டேன் என்கிறது.

ரிக் வேலைக்குப் போகவில்லை, பழைய இரும்புக்காக உடைபடப் போகிறது என்பது நடுக்கடலில்தான் அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்தபோது மகள் பெர்த் போய்ச் சேர்ந்திருந்தாள். அக்கா அன்றைக்குப் பலகாரம் சுடவில்லை, சோறும் கீரையும்தான். அவரும் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பரண்மேல் போட்டுவிட்டார். பிறகு முன்பு வேண்டாமென்ற அதே துறைமுகத்தில் கீழ்மட்ட வேலையில் சேர்ந்தார். இன்றுவரை தினமும் மாலையில் வீடு திரும்புகிறார். எண்ணெய் விலை ஏறியது, புது ரிக்குகள் வந்தன, ஆள் தேடினார்கள். அவர் போகவில்லை.

அந்தப் பைதான் போன வாரம் இறங்கி வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பேத்திக்குப் பெர்த்தில் காதுகுத்து. மகளுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை; தாய்மாமன் இல்லாத குழந்தை தாத்தாவின் மடியில்தான் உட்காரவேண்டும். "பயணம் அடுத்த மாசக் கடைசியில. இவரு இப்பவே பையக் கட்டி வச்சிட்டாரு. ஐயோ அலமாக், சொன்னா கேக்குறாரா?" என்றாள். சொல்லிக்கொண்டே, மகளுக்குக் கொண்டுபோகும் மிளகாய்த்தூள் பொட்டலத்தை வைக்கப் பையைத் திறந்தாள். மேலாக ஒரு பட்டு வேட்டி மடித்து வைத்திருந்தது. கல்யாணத்தன்று நாங்கள் தேடிய வேட்டி. எடுத்து விரித்தால், கரையோரமாக முழங்கால் உயரத்துக்குச் செம்பழுப்பாகத் துருக்கறை. அக்கா அதை என் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

உள்ளேயிருந்து வந்த அத்தான் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"முகூர்த்த நேரத்துக்குக் கட்டிக்கிட்டு மேல்தளத்துல போய் நின்னேன். ரிக்குல எங்க சாஞ்சாலும் துரு" என்றார்.

"கறையோட சபையில கட்டுவாங்களா? புதுசு ஒண்ணு வாங்கிக்கலாங்க" என்றாள் அக்கா.

"வேணாம். எம்மக கல்யாணத்துக்கு நான் கட்டுன வேட்டி இதுதான்" என்று சொல்லி, கறை உள்பக்கம் போகும்படி மடித்துத் திரும்பப் பையில் வைத்தார்.