மாமனார் காதுக்கு எட்டாத கிடார்

சூளையிலிருந்து எடுத்த ஊறுகாய் ஜாடி, ஆறிய பிறகும் உள்ளங்கையில் வெதுவெதுவென்றுதான் இருக்கும். விரலை மடக்கி வாய்ப்பக்கம் தட்டினால் 'கிணீர்' என்னும். விரிசல் இருந்தால் 'தொட்' என்று செத்த சத்தம்...

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அந்தக் காலத்தில் என் வேலையே அதுதான். நாள் முழுக்கத் தட்டுவது, கேட்பது, நல்லதை இந்தப் பக்கம், விரிசல் விட்டதை அந்தப் பக்கம்.

சாயங்காலம் ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிடார். மற்ற கிடாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலே நாலு தடிக் கம்பி. எந்த மண்டபத்துக்குப் போனாலும் யாராவது மேடைக்குக் கீழே வந்து, "மீதி ரெண்டு கம்பி அறுந்துபூடுச்சாங்க?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். வேப்பூரில் ஒருத்தர் கட்டுக்கம்பியே கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன். பந்தியில் எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னதும் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் கருவேப்பிலங்குறிச்சியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். வளர்மதி. எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும்தான்... காபி டம்ளரை நீட்டும்போதே, "நீங்க கிடாரு வாசிப்பீங்களாமே" என்று கேட்டுவிட்டாள். அவளுடைய அப்பா நெல்லும் உளுந்தும் போடுகிற விவசாயி. "பையன் மேடையில என்னா பண்றான்னு நான் பாக்கணும்" என்று ஒரு ரிசப்ஷனுக்கு வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் என்னையே பார்த்தார்.

மறுநாள் தரகர் வந்தார்.

"பெரியவரு வாணான்றாரு தம்பி. எல்லாரும் பாடுறான், அடிக்கிறான், ஊதுறான்... இந்தப் பையன் மட்டும் ரெண்டு மணி நேரமா கம்பிய சொறிஞ்சிக்கினு சும்மா நிக்கிறான், சோம்பேறிக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன்னுட்டாரு."

விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்துக் கிடக்கிறது எனக்கு. சோம்பேறியாம்!

ஆனால் அவர் மேலும் தப்பில்லை. என் கிடார் சத்தம் தனியாகக் கேட்காது. டிரம்ஸோடு கலந்து கூழாகிவிடும். வால்யூமைத் திருகினால் கூழ்தான் அதிகமாகும். "ஏத்தாதடா, ஸ்பீக்கரு கிழிஞ்சிடும்" என்று கீபோர்டு சேகர் கத்துவான்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் மறுபடி வந்து, ரகசியமாகச் சொன்னார். வளர்மதி சொல்லி அனுப்பியது.

"அடுத்த கச்சேரிக்கும் அப்பாவ எப்படியாச்சும் கூட்டியாறேன். அவரு காதுல வுழற மாதிரி வாசிக்கச் சொல்லுங்க."

பத்து நாள் இருந்தது.

பட்டறையில் அதே நினைப்பு. வாய்ப்பக்கம் தட்ட வேண்டிய ஜாடியை வயிற்றில் தட்டிவிட்டேன். 'தும்' என்றது. வாயில் தட்டினேன், 'கிணீர்'. அதே ஜாடி, அதே விரல்...

அன்று சாயங்காலம் கிடாரை மடியில் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தப் பட்டை இருக்கும், பிக்கப் என்பார்கள். கம்பி ஆடுவதைக் கேட்கிற காது அதுதான். என் கிடாரில் அது கழுத்தோரம் இருந்தது. அங்கே கம்பி அகலமாக வீசி ஆடும், வெறும் 'தும்'. கம்பியைக் கீழே பிடித்திருக்கிற பிரிட்ஜ் பக்கம் போகப் போக ஆட்டம் குறுகும், கணீரென்று இருக்கும்.

காதை நகர்த்தினால் என்ன?

சேகரும் நானும், கிடாரையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் ஜன்னல் செய்கிற ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனோம். அவர் மரத்தைத் தோண்டிப் பிக்கப்பை முதலில் பிரிட்ஜை ஒட்டி வைத்தார். தெளிவு வந்தது, கனம் போய்விட்டது.

"பேஸ் கிடாருன்னு சொல்லிட்டு கொசு வளக்கிறியாடா?" என்றான் சேகர்.

நடுவில் வைத்தோம். தடிக் கம்பிக்குக் கனம் போதவில்லை, மெல்லிய கம்பி இன்னும் கூழ். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று கெட்டது. ஆசாரிக்குப் பொறுமை போய், அவசரத்தில் ஒரு திருகாணி ஓட்டையைத் தள்ளிப் போட்டுவிட்டார். பட்டை சாய்ந்து உட்கார்ந்தது.

"அய்யய்யோ, கோணிக்கிச்சேப்பா... பிரிச்சிடவா?"

"இருங்க, ஒரு தபா தட்டிப் பாத்துடறேன்."

தடிக் கம்பியின் பக்கம் கழுத்தை நோக்கியும், மெல்லிய கம்பியின் பக்கம் பிரிட்ஜை நோக்கியும் சாய்ந்திருந்தது. தட்டினேன்... தடிக் கம்பி வயிற்றிலிருந்து பேசியது. மெல்லியது வாயிலிருந்து பேசியது. நாலும் தனித்தனியாக, சுத்தமாக.

சேகர் கிடாரைப் பிடுங்கித் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தான். அவனிடமிருந்து கேலி வராவிட்டால் நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த ரிசப்ஷன். அதே மூன்றாவது வரிசை. முதல் பாட்டுக்குப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இரண்டாவது பாட்டில் ஸ்பீக்கரைப் பார்த்தார்... என் விரலைப் பார்த்தார்... மறுபடி ஸ்பீக்கர். மூன்றாவது பாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தாளம் போட ஆரம்பித்தார்.

முடிந்ததும் நேராக மேடைக்கு வந்தார்.

"இன்னிக்கித்தான் வேல செஞ்ச தம்பி. அன்னிக்கு ஏன் சும்மா நின்ன?"

"இல்லீங்க, அன்னிக்கும் வாசிச்சேங்க..."

"சரி வுடு. சொன்னா திருந்துற பையன். அது போதும்."

அவருக்குப் பின்னால் வளர்மதி, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

இன்று சேகரின் கீபோர்டிலேயே பேஸும் வந்துவிடுகிறது. கல்யாணங்களுக்கு அவன் ஒருத்தனே போய் வருகிறான். என் மகளின் போனில் ஒரு கிடார் ஆப் இருக்கிறது, திரையில் விரலை இழுத்தாலே பிக்கப் நகர்கிறது. உளியும் வேண்டாம், ஆசாரியும் வேண்டாம். நானும் தேடிப் பார்த்தேன், கோணலாக வைக்கத்தான் அதில் வழியைக் காணோம்.

மாமனார் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். காது மங்கிவிட்டது. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. கோழி, குயில், செல்போன், பிறகு வளர்மதியின் குரல். வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவரை அவள் எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

அதனால் மத்தியானம் ஆனால், நான் அந்தக் கோணல் கிடாரின் வயரை ஸ்பீக்கர் பெட்டியில் சொருகி, தடிக் கம்பியை ஒரே ஒரு தட்டு தட்டுவேன்.

வாசலிலிருந்து குரல் வரும்.

"வரேன், வரேன்... மாப்ள வேலைய ஆரம்பிச்சிட்டாரு. சோத்தப் போடும்மா."