திண்டிவனத்துக் கோழிக்கரு, விழுப்புரத்துப் பச்சை ஒளி

எங்கள் பேராசிரியர் ஊர் ஊராகக் காட்டிய பச்சை ஒளியில் பாதி பொய். அதைச் சொன்னதற்காக, என்னோடு ஆய்வு செய்யும் செல்வியை ஆய்வகத்தை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். எண்பத்தொன்பது ஆவணியில் நாங்கள் இருவரும் திண்டிவனத்தில் பஸ் ஏறியது அதற்காகத்தான்.

கோழிக்கருவில் ஒரு மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்த மரபணு அனுப்பும் செய்தியோடு மட்டும் ஒட்டக்கூடிய டி.என்.ஏ. துணுக்கில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்துக் கருவில் விடுவார்கள். நீல வெளிச்சத்தில் ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும். செல்வி சாயமே விடாத கருவையும் வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒளிர்ந்தது. அப்படியானால் அந்த ஒளியில் ஒரு பங்கு சாயத்தினுடையது அல்ல, கருவுக்கே உரியது.

"உன் கை சுத்தமில்ல. சாயம் ஒட்டிக்கிச்சு" என்றார் பேராசிரியர். மற்ற மாணவர்கள் யாருடைய கையையும் அவர் பார்த்ததில்லை. செல்வியின் அம்மா கூலிக்குக் களை எடுக்கிறவர்.

எனவே சாயத்தின் வாடையே இல்லாத இடத்தில், தன் வீட்டு அடைக்கோழியின் முட்டையை உடைத்து, கருவைக் கெடாமலிருக்கப் புதுப் புட்டியில் ஃபார்மலினில் போட்டாள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். காலை பஸ்ஸில் ஒரு மணி நேரம். கண்டக்டர் புட்டி இருந்த பையை முகர்ந்தார்.

"இன்னாம்மா, பாண்டி சரக்கா?"

"கோழிக்கருங்கண்ணா. படிப்புக்கு."

"எல்லாம் சரக்க எடுத்துக்கினு போவான். நீ ஊறுகாய மட்டும் எடுத்துக்கினு போறியே!"

சிரித்தார். ஆனால் நாங்கள் இறங்கும்வரை பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் இருட்டறையில் பேராசிரியரின் செயல்விளக்கம். ஆளுக்கு ஒரு பார்வைதான். "சாயம் வெளுத்துடும், ஜல்தியா பாருங்க" என்று உதவியாளர் விரட்டினார். வெளுக்கும் என்பது உண்மை. யாரும் உற்றுப் பார்க்காமலிருக்க அது வசதியும்கூட. நான் நகராமல் பார்த்தேன். அந்த மரபணுவுக்கு வேலையே இல்லாத, மஞ்சள்கரு ஒட்டியிருந்த ஓரமும் அதே பச்சை.

இப்படிப் புட்டியோடு போகிறவர்கள் பின்சக்கரத்துக்கு மேலே உட்காராதீர்கள். குலுக்கலில் கரு சிதையும். மூடியை மெழுகு வைத்து அடையுங்கள். ஒளிரும் எதைக் காட்டினாலும், சாயம் போடாததையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

செல்வி அதைத்தான் சொன்னாள். வரிசை முடிந்ததும் புட்டியை மேசைமேல் வைத்தாள்.

"சார், இது சாயமே படாத கரு. உங்க விளக்குலயே, இவங்க எல்லாரும் பாக்க வச்சுக் காட்டுங்க."

பேராசிரியர் விளக்கை அணைத்தார். கதவு திறந்தது, எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். செல்வி புட்டியை விளக்குப் பக்கம் நகர்த்தினாள்.

"வச்சுக் காட்டுங்க சார்."