மூன்று நொடி அலை

பங்குனி வெயில் வந்தால் எங்கள் குடும்பத்துக்கு மலையேறியாக வேண்டும். போடியிலிருந்து கிளம்பிய ஜீப்பில் நான், கணவர், மகள். எதிரே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அக்கா, இன்னும் நாலைந்து பேர்.

"எங்கம்மா போன மாசம் இலங்கைக் கடல்ல சறுக்குப் பலகை மேல ஏறி அலையில நின்னாங்க" என்று மகள் அவரிடம் பெருமையடிக்கிறாள். எனக்கு வயது நாற்பத்தெட்டு.

"எம்புட்டு நேரம் நின்னீக?"

கணவர் முந்திக்கொள்கிறார். "மூணே செகண்டு! அதுக்கு ஒரு வாரம் உப்புத்தண்ணி குடிச்சா."

ஜீப்பே சிரிக்கிறது. என் முகம் சுடுகிறது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க எம்புட்டு நேரம் நின்னீகண்ணே?"

"நான் கரையில துணிமணியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அக்கா என் காதருகே குனிகிறார். "அடுத்த தடவ அண்ணன வீட்டுல விட்டுட்டு என்னையக் கூட்டிட்டுப் போங்க."

உடனே அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்கிறேன்.