காலண்டர் வைத்த பெயர்கள்

எண்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தேன். தீவுகள் பாடம் வந்தால் எனக்குக் குஷி. கப்பலில் வந்த வெள்ளைக்காரன் ஈஸ்டர் அன்று கண்டது ஈஸ்டர் தீவு. கிறிஸ்துமஸ் அன்று கண்டது கிறிஸ்துமஸ் தீவு. அதில் அவன் இறங்கக்கூட இல்லை. "பேர் வைக்க இவங்களுக்குக் காலண்டர் போதும்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

என் மகள் பிறந்தபோது என் கணவரின் அக்காவும் காலண்டரோடுதான் வந்தார்.

"பிறந்தன்னைக்கு எந்தப் புனிதர் திருநாளோ அந்தப் பேருதான். எங்க வீட்ல அம்புட்டுப் பேருக்கும் அப்படித்தான்" என்றார்.

எனக்கோ, என்னைப் பெற்ற மறுவருஷமே போய்ச் சேர்ந்த என் அம்மாவின் பெயரை வைக்க வேண்டும்.

"காலண்டரைப் பாத்துப் பேர் வைக்க என் பிள்ளை என்ன தீவா, மதினி?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். பெயர் முடிவாகட்டும் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டோம். அதுவரை அவள் வெறும் பாப்பா.

ஒரு நாள் காலையில் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் போகிற அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நர்ஸ் டம்ளரில் தண்ணீர்கூடக் கொண்டுவந்தார். "என்ன பேர் சொல்ல?" என்றார். நானும் மதினியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குள் அவள் போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்து மூலையில், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கான இடத்தில் புதைத்தோம். கரையில் காலே வைக்காதவன் பெயர் வைத்துவிட்டுப் போனான். சுமந்து பெற்ற நான் பெயரில்லாமல் அனுப்பினேன். அந்தப் பாடத்தை வேறு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. பூசையில் வாசிப்பதற்காக உபதேசியார் கோயில் வாசலில் உட்கார்ந்து, இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும், "குழந்தை பேரு?" என்றார்.

மதினி என் அம்மாவின் பெயரைச் சொன்னார். அதே நேரத்தில் நான் அவருடைய புனிதரின் பெயரைச் சொன்னேன்.

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். "எதை எழுத?"

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"ரெண்டையும் எழுதுங்கய்யா" என்றார் என் கணவர்.

நர்ஸ் டம்ளரோடு நின்ற அன்றைக்கு இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.